பழைய சுமோ, குவாலிஸ் வச்சிருக்கீங்களா? பேட்டரி லைட் எரிஞ்சா பிரேக்கையும் பாருங்க!

நாமக்கல்:-

சேந்தமங்கலம், ராசிபுரம், கொல்லிமலை அடிவாரம் பக்கம் போனால் டாடா சுமோ, குவாலிஸ், பழைய பொலிரோ வண்டிகளை இன்றைக்கும் பார்க்கலாம். கல்யாணத்துக்கு ஆள் ஏற்ற, குலதெய்வம் கோவிலுக்குப் போக, சந்தைக்கு மூட்டை போட எல்லாத்துக்கும் இதுதான்.

சுமோ 1994-ல் வந்தது, 2019-ல் தயாரிப்பு நின்றது. (ஜப்பான் மல்யுத்தத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. டாடா கம்பெனியின் தலைவராக இருந்த சுமந்த் மூல்காவ்கர் பெயரில் இருந்து எடுத்தது.) குவாலிஸ் 2000-ல் வந்து, 2005-ல் இன்னோவாவுக்கு வழி விட்டது. ஆக எல்லாமே வயசான வண்டிகள்.

இந்த வண்டிகளின் பழைய டீசல் என்ஜின்களில் பெரிதாக கம்ப்யூட்டர் சமாச்சாரம் கிடையாது. ரோட்டோர மெக்கானிக் ஸ்பேனரும் டெஸ்ட் லைட்டும் வைத்தே சரி செய்துவிடுவார். டைனமோ வேலை செய்யாவிட்டாலும் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த நல்ல குணமே சில நேரம் ஆபத்தாகி விடுகிறது.

மீட்டரில் சிவப்பு பேட்டரி லைட் எரியும். டிரைவர், 'சார்ஜ் ஏறல, அவ்வளவுதானே, வீட்டுக்குப் போய் பார்த்துக்கலாம்' என்று ஓட்டுவார். சமவெளி ரோட்டில் ஓட்டுகிறவருக்கு இதன் அருமை தெரியாது. காரவள்ளியில் இருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. மேலே இருந்து இறங்கும்போது அந்த லைட் எரிந்தால் கதையே வேறு.

டைனமோ பின்னாடி இருக்கும் பம்ப்

பெட்ரோல் வண்டியில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் என்ஜின் காற்று இழுக்கும் குழாயிலேயே கிடைத்துவிடும். டீசல் என்ஜினில் அப்படிக் கிடைக்காது. அதனால் தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வைத்திருப்பார்கள். சுமோ, குவாலிஸ் போன்ற பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் இந்த பம்ப் டைனமோவின் முதுகில்தான் உட்கார்ந்திருக்கும். டைனமோ சுற்றினால்தான் அதுவும் சுற்றும்.

டைனமோவை சுற்றுவது பேன் பெல்ட். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும், ரேடியேட்டர் பேனையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்தால் ஒரே நேரத்தில் மூன்று வேலை நிற்கும். பேட்டரிக்கு சார்ஜ் போகாது, என்ஜினுக்குள் தண்ணீர் ஓடாது, பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் வராது. மூன்றுக்கும் சேர்த்து டிரைவர் கண்ணுக்கு முதலில் தெரிவது அந்த ஒரே ஒரு சிவப்பு லைட். டெம்பரேச்சர் முள் ஏறுவது அதற்கு அப்புறம்தான் தெரியும். பிரேக் போனது மிதிக்கும்போதுதான் தெரியும்.

எனவே பேட்டரி லைட் எரிந்தால் முதல் வேலை, சமமான இடம் பார்த்து ஓரம் கட்டுவது. பானெட்டைத் திறந்து பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டைனமோ கோளாறோ, ஒயர் கோளாறோ இருக்கலாம், பக்கத்தில் உள்ள பட்டறை வரை போகலாம். பெல்ட் இல்லை என்றால் ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டக் கூடாது. மலையில் இறங்கவே கூடாது.

இன்னொரு விஷயம். சாவியை ஆன் செய்ததும், என்ஜின் ஸ்டார்ட் ஆவதற்கு முன்பு, அந்த லைட் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் பல்பு பியூஸ். சின்ன பல்புதானே என்று விடாதீர்கள். பழைய டைனமோக்கள் பலவற்றில் அந்த பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் டைனமோவை எழுப்பி விடுகிறது. பல்பு போனால் சார்ஜும் ஏறாமல் போகலாம், எச்சரிக்கையும் வராது.

லைட் எரியாமலே பிரேக் மட்டும் கெட்டியாவதும் உண்டு. பெல்ட் நன்றாக இருக்கும், சார்ஜும் ஏறும். ஆனால் பம்பில் இருந்து பூஸ்டருக்குப் போகும் ரப்பர் ஓஸ் வெடித்திருக்கும், அல்லது பம்புக்குள் தேய்ந்திருக்கும். இந்த பம்புக்கு என்ஜின் ஆயில் ஒரு சின்ன ஓஸ் வழியாக வருகிறது. அந்த ஓஸ் கசிந்தால் ஆயில் வெளியே கொட்டும். பம்பின் சீல் போனால் ஆயில் டைனமோவுக்குள் இறங்கி கார்பன் பிரஷ்சைக் கெடுக்கும். டைனமோ அடிக்கடி போகிறது, ரிப்பேர் செய்தும் நிற்கவில்லை என்றால், அதன் பின்பக்கம் ஆயில் பிசுக்கு இருக்கிறதா என்று முதலில் தடவிப் பாருங்கள்.

பூஸ்டர் டெஸ்ட்

இதற்கு பட்டறை வேண்டாம், காசும் வேண்டாம். என்ஜினை ஆப் செய்துவிட்டு பிரேக்கை ஐந்தாறு தடவை மிதியுங்கள், கெட்டியாகும். மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் நல்லா இருக்கு. இறங்காமல் கல்லு மாதிரி நின்றால் பம்ப், ஓஸ், பூஸ்டர் மூன்றில் ஒன்று போச்சு. மலைக்குக் கிளம்பும் முன்பு ஒரு நிமிடம் செலவு செய்து இதைப் பார்ப்பது நல்லது. ஆடிப்பெருக்குக்கு அறப்பளீஸ்வரர் கோவில் போகிறவர்கள் வண்டி நிறைய ஆள் ஏற்றுவதால் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கெட்டியா, மெத்துன்னா?

இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை என்றால் கை கால் ஆடிப்போகும். ஆனாலும் காலுக்கு ஒன்று தெரிந்துவிடும். பெடல் கெட்டியாக இருக்கிறதா, மெத்தென்று கீழே போகிறதா என்று. இரண்டுக்கும் செய்ய வேண்டியது நேர் எதிர்.

கெட்டியாக இருந்தால் வேக்குவம் போய்விட்டது என்று அர்த்தம். பூஸ்டருக்குள் இரண்டு மூன்று மிதிக்கு மட்டும் வேக்குவம் மிச்சம் இருக்கும். பதறிப்போய் விட்டு விட்டு மிதித்தால் அதுவும் காலி. விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும், தேவைப்பட்டால் இரண்டு காலாலும். வேக்குவம் தீர்ந்தாலும் பிரேக் வேலை செய்யும், பலம்தான் பல மடங்கு வேண்டும்.

மெத்தென்று தரை வரை போனால் பிரேக் ஆயில் கசிந்திருக்கும், அல்லது சூட்டில் கொதித்து ஆவியாகி இருக்கும். அப்போது வேகமாக விட்டு விட்டு பம்ப் அடிக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கும்.

இரண்டிலும் கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெதுமெதுவாக இழுக்க வேண்டும். ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும். எதுவும் நடக்காவிட்டால் பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கமாக ஒதுக்கி உரச விட வேண்டும். பெயிண்ட் போனால் போகட்டும்.

டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரல் போடுவது, என்ஜினையே ஆப் செய்வது என்று சில பழைய டிரைவர்கள் செய்வார்கள். படு முட்டாள்தனம். என்ஜின் நின்றால் வேக்குவம் பம்பும் நிற்கும், பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதுவும் கெட்டியாகும், கியர் பிடிப்பும் இருக்காது. ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர்.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்தால் சீக்கிரம் கொதிக்கும். அதனால் 2 வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றணும். டப்பாவில் குறைகிறதே என்று ஊற்றிக்கொண்டே இருப்பது வைத்தியம் இல்லை. லைனிங் தேய்ந்திருக்கும், அல்லது எங்கேயோ கசிகிறது. பின் சக்கரத்து உள்பக்கம் ஈரமாக இருந்தால் வீல் சிலிண்டர்தான்.

ஸ்டார்ட் ஆகலையா?

சாவி போட்டால் 'டக் டக்' என்று மட்டும் சத்தம் வந்தால் உடனே புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். சுடு தண்ணீர் ஊற்றிக் கழுவி, சுரண்டி, இறுக்கி, கொஞ்சம் வாசலின் தடவினாலே பல வண்டிகள் ஓடிவிடும். அதிலும் சரியாகாவிட்டால் பேட்டரி நெகட்டிவில் இருந்து பாடிக்கும் என்ஜினுக்கும் போகும் எர்த் ஒயரைப் பாருங்கள். பழைய வண்டியில் துரு ஏறி, பேருக்குத்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் பாதி சந்தேகம் தீரும். என்ஜின் ஆப்பில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12-க்கு வந்தால் கிட்டத்தட்ட காலி. ஓடும்போது 13.8-ல் இருந்து 14.4 வரை இருக்கணும். 13-க்குக் கீழே என்றால் சார்ஜ் சரியில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போச்சு, பேட்டரி தண்ணீர் கொதிக்கும், பல்பு எல்லாம் வரிசையாகப் போகும்.

வண்டி ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி டைனமோவை டெஸ்ட் செய்யும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. அனுமதிக்காதீர்கள். அந்த நொடியில் வோல்டேஜ் எகிறி டைனமோ டையோடு சுட்டுவிடும்.

செல்ப் மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் என்ஜின் பிடிக்கவில்லை என்றால் கோளாறு டீசல் பக்கம். ரோட்டரி பம்ப் உள்ள வண்டியில் டீசலைத் திறந்து மூடும் கட் ஆப் சுவிட்ச் ஒன்று இருக்கும். சாவி ஆன் செய்ததும் பம்ப் பக்கம் 'டிக்' என்று கேட்கும். கேட்கவில்லை என்றால் அதற்கு வரும் ஒற்றை ஒயர் கழன்றிருக்கலாம். பேட்டரி சுத்தமாகச் செத்துப்போனால் பத்து பேர் சேர்ந்து தள்ளினாலும் இந்த வண்டிகள் ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம் இதுதான். அந்த சுவிட்சுக்கு கொஞ்சமாவது கரண்ட் வேணும்.

டேங்க் காலியாகி டீசல் ஊற்றிய பிறகு பிடிக்கவில்லை என்றால் ஏர் லாக். பில்டர் மேல் உள்ள கை பம்பை கெட்டியாகும் வரை அமுக்கி, ஏர் ஸ்குரூவை லேசாகத் தளர்த்தி, நுரை இல்லாமல் டீசல் வந்ததும் இறுக்கணும். காலையில் மட்டும் ரொம்ப நேரம் சுற்றவிட்டால்தான் பிடிக்கிறது, பகலில் சரியாகிவிடுகிறது என்றால் ஹீட்டர் பிளக் போயிருக்கும்.

சூடு ஏறினால்

டெம்பரேச்சர் முள் ஏறினால் ஏ.சி.யை ஆப் செய்யுங்கள். வண்டியில் ஹீட்டர் இருந்தால் முழுசாக ஆன் செய்யுங்கள். உள்ளே வேகும்தான், ஆனால் என்ஜின் சூடு கொஞ்சம் குறையும். அப்படியும் இறங்காவிட்டால் நிறுத்தி அரை மணி நேரம் காத்திருக்கணும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதி தண்ணீர் முகத்தில் அடிக்கும். கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கும்.

டவுனில் மெதுவாகப் போகும்போது மட்டும் சூடு ஏறினால் பேன் கிளட்ச் மேல் சந்தேகப்படலாம். ஓட்டி நிறுத்தியதும், என்ஜின் ஆப்பில் பேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். இழுத்துப் பிடிக்கணும். காற்றாடி மாதிரி சுற்றினால் மாற்றணும். ஆயில் மூடிக்கு அடியில் பால் காபி நிறத்தில் பசை இருந்தால் ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் ஆயிலில் கலக்கிறது. உடனே வண்டியை நிறுத்துவது நல்லது.

புகையும் கொஞ்சம் சொல்லும். கறுப்பு என்றால் ஏர் பில்டர் அடைப்பு அல்லது நாசில். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் மறுபடியும் ஹெட் கேஸ்கட்.

ஒயரிங்கில் விளையாட வேண்டாம்

ஹெட் லைட் வெளிச்சம் போதவில்லை என்று 60/55 வாட்ஸ் பல்பை எடுத்துவிட்டு 100/90 போடுகிறார்கள். இரண்டு பல்புக்கும் சேர்த்து 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ரிலே போடாமல் பழைய ஒயரில் இதை ஓட்டினால் சுவிட்ச் உருகும், ஒயர் எரியும். முதலில் லைட் எர்த்தை சுத்தம் செய்து பாருங்கள், பாதி வெளிச்சம் அங்கேதான் போயிருக்கும்.

பியூஸ் போனால் அதே ஆம்பியர் பியூஸ்தான் போடணும். ஒயர் சுற்றுவது, சிகரெட் பாக்கெட் ஜிகினா பேப்பர் வைப்பது எல்லாம் தீயைக் கூப்பிடும் வேலை. பியூஸ் மறுபடி மறுபடி போகிறது என்றால் எங்கேயோ ஒயர் உரசி பாடியில் படுகிறது.

கட்டைவிரல் கணக்கு

கடைசியாக மறுபடியும் அந்த பெல்ட். நடுவில் கட்டைவிரலால் அமுக்கினால் அரை இஞ்ச் அளவுக்கு இறங்கணும். அதற்கு மேல் தொங்கினால் லூஸ், காலையில் 'கீச்' என்று கத்தும். விறைப்பாக இருந்தால் டைனமோ, வாட்டர் பம்ப் பேரிங் போகும். உள்பக்கம் திருப்பிப் பார்த்து வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். கழற்றிய பழையதை, அறுந்து போகாமல் இருந்தால், தூக்கிப் போடாமல் சீட்டுக்கு அடியில் வைக்கலாம். கூடவே 12, 13, 14 நம்பர் ஸ்பேனரும், ஒரு டார்ச்சும், 5 லிட்டர் தண்ணீர் கேனும் இருக்கட்டும். புது பெல்ட் வாங்கப் போகும்போது வண்டி பெயரை மட்டும் சொல்லாதீர்கள், சுமோவிலேயே பல மாடல் இருக்கு. பழைய பெல்ட் மேல் அச்சடித்திருக்கும் நம்பரை எழுதிக்கொண்டு போய் அதையே கேட்டு வாங்குங்கள்.