கருவிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சியை அளத்தல்

கர்ப்பத்திலுள்ள சிசுவின் மூளை காலத்திற்கேற்ற பிரமாணத்தில் வளர்கிறதா என்பதைச் செவிக்கெட்டாத ஒலியலைகளாலும் காந்த சக்தியாலும் கண்டறியும் பரிசோதனை. 1958இல் கிளாஸ்கோ நகரத்து வைத்தியர் இயன் டொனால்டும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆராய்ச்சியால் பிரசவ வைத்தியத்தில் வேரூன்றிய ஒலியலைச் சாதனம், இன்று தென்காசி, குற்றாலம் வட்டாரத்துக் கர்ப்பிணிகளுக்கு ‘ஸ்கேன்’ என்ற பெயரில் நன்கு பரிச்சயமானது.

18 முதல் 22 வாரங்களுக்குள், தலையின் சுற்றளவோடு, மூளையின் நீர் தங்கும் பக்க அறைகளின் அகலமும் சிறுமூளையின் குறுக்களவும் குறிக்கப்பெறும். சிறுமூளை, ஏறக்குறைய 20ஆம் வாரம்வரை, வாரங்களின் எண்ணிக்கையையே மில்லிமீட்டரில் தன் அளவாகக் கொண்டிருப்பது இயற்கையின் பெரும் விசேஷம். பக்க அறை 10 மில்லிமீட்டருக்குட்பட்டிருத்தல் இயல்பு. வேறு குறையின்றி 12வரை விரிந்திருப்பினும் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே வளர்கின்றன என்பதைக் கலங்கிநிற்கும் தாய்க்கு எடுத்துரைப்பது வைத்தியரின் முதற்கடமை.

ஐயம் நீங்காதவிடத்து, சிசு அசையுமுன் காந்த சக்தியால் விரைந்து படமெடுக்கும் எம்.ஆர்.ஐ., எக்ஸ் கதிரின்றியே, மூளையின் மேற்பரப்பில் மடிப்புகள் உருவாகும் கிரமத்தைத் தெளிவாகக் காட்டும்.

இவ்வளவைகளுக்குப் பின்னணியான உடற்கூற்றறிவில் தமிழகத்தின் பங்கு பெரிது: சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், மெடிஸ்கேன் முதலிய நிறுவனங்களின் துணையுடன், 5,132 மூளைச் சீவல்களின் படங்களைக் கொண்டு அமைத்த ‘தரணி’ என்னும் முப்பரிமாணச் சிசுமூளைப் படத்தொகுதியை 2024 டிசம்பரில் வெளியிட்டது.

இப்பரிசோதனைகளில் சிசுவின் பாலினத்தை வெளியிடுவதை 1994ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் தடுக்கிறது.