வளைகுடாக்காரர்கள் பம்பாய்க்கு வந்த காலம்

அபுதாபி போய்வந்த நம்மூர்க்காரர் யாரைக் கேட்டாலும் தவறாமல் இரண்டு படம் காட்டுவார். ஒன்று ஷேக் ஸாயித் பெரிய பள்ளிவாசல். 2007இல் திறந்தது, 82 குவிமாடங்கள், ஒரே சமயத்தில் 40,000 பேர் தொழலாம். இன்னொன்று எமிரேட்ஸ் பேலஸ் ஓட்டல். 2005இல் திறந்தது, எங்கே பார்த்தாலும் பளிங்கும் தங்க முலாமும்தான்.

டிராம்பேயில் குப்பை கொட்டும் நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனால் மான்குர்டில் ஹார்பர் லைன் ரயில் ஏறினால் ஒரே பகலில் இங்கேயும் ஒரு பெரிய மசூதியையும் ஒரு பெரிய ஓட்டலையும் பார்த்துவிடலாம். போன மாதம் நான் செய்தது அதைத்தான்.

மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கி, ஜவேரி பஜார் கூட்டத்தில் இடிபட்டுப் போனால் ஜும்மா மசூதி. 1775இல் தொடங்கி 1802இல் கட்டி முடித்தார்கள். இடத்துக்குச் சொந்தக்காரர் ஒரு கொங்கணி முஸ்லிம் வணிகர். அங்கிருந்த குளத்தைத் தூர்க்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் இடத்தைக் கொடுத்தாராம். அதனால் குளத்துக்குள்ளிருந்தே 16 கருங்கல் வளைவுகளை எழுப்பி, அதன்மேல் மசூதியைக் கட்டினார்கள். ஒளு செய்ய இன்றும் அந்தக் குளத்துத் தண்ணீர்தான்.

அடுத்தது அப்போலோ பந்தரில் தாஜ்மஹால் ஓட்டல். ஜாம்ஷெட்ஜி டாட்டா கட்டியது, 1903 டிசம்பர் 16இல் திறந்தது. ஏதோ ஒரு ஓட்டலில் வெள்ளைக்காரன் உள்ளே விடவில்லை, அந்த ரோஷத்தில் கட்டினார் என்று ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. மின்விளக்கு, லிஃப்ட் எல்லாம் அன்றைக்கு ஊரே வாய்பிளந்து பார்த்த அதிசயங்கள். எதிரே இருக்கும் கேட்வே ஆஃப் இந்தியாவே 1924இல்தான் திறந்தது.

சரி, இதற்கும் வளைகுடாவுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது.

தாஜ் திறந்த நாட்களில் வளைகுடாவின் பிழைப்பு எண்ணெய் இல்லை, முத்து. தூத்துக்குடிக்காரர்களுக்கு முத்துக்குளிப்பைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? குவைத், பஹ்ரைன் கடலில் எடுத்த முத்துக்கள் பாய்மரக் கப்பலில் பம்பாய்க்குத்தான் வந்தன. இங்கே தரம் பிரித்து, துளையிட்டு, பாரிசுக்கும் லண்டனுக்கும் போயின. அரபு வணிகர்கள் பம்பாயில் வீடும் கடையுமாக இருந்தார்கள். அவர்களுக்குப் பெரிய பட்டணம் என்றால் பம்பாய்தான். பெரிய மசூதியும் பெரிய ஓட்டலும் இங்கேதான்.

அவர்கள் கையில் புழங்கிய காசும் நம்ம ரூபாய்தான். 1959இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு அச்சடித்துக் கொடுத்தது. 1966 ஜூனில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் அதைப் புழங்கிய நாடுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. திர்ஹம் பிறந்தது 1973இல்.

முத்து வணிகத்தை ஜப்பானின் வளர்ப்பு முத்தும் 1929க்குப் பிந்தைய பொருளாதார மந்தமும் சாய்த்துவிட்டன. பிறகு எண்ணெய் வந்தது. அபுதாபி எண்ணெய் ஏற்றுமதியைத் தொடங்கியது 1962இல். அதன்பின் கப்பலும் விமானமும் இங்கிருந்து அந்தப் பக்கம் ஆள் ஏற்றிப் போயின. எங்கள் சீட்டா கேம்ப் பக்கம் விசாரித்தால், துபாயிலோ சவுதியிலோ ஒரு சொந்தக்காரர் இல்லாத தமிழ்க் குடும்பம் குறைவு. அங்கே நிற்கும் பளிங்குச் சுவர்களில் நம்மாட்களின் வியர்வையும் உண்டு.

டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் 1954, 1955இல் வந்தன. ஒரு காலத்தில் முத்து வந்த அதே கடல் வழியாக இன்று வளைகுடாக் கச்சா எண்ணெய் ஜவஹர் தீவு முனையத்துக்கு வந்து, குழாய் வழியாக இந்த ஆலைகளுக்குள் போகிறது.

“அரபிக்காரனுக்கு என்ன, நேற்று வந்த பணம்” என்று நம்மவர்கள் இளக்காரமாகப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். பம்பாயின் பணமும் ஒரு காலத்தில் நேற்று வந்ததுதான். அந்தப் பணத்தைப் பார்க்க அவர்கள் இங்கே வந்தார்கள். இப்போது நாம் அங்கே போகிறோம்.