பல்லைப் பார்த்துக் குலம் சொன்ன கதை

17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் மருந்துக்கடைகளில் மனித மண்டையோட்டின் மேல் முளைத்த மாஸ் விலைக்குக் கிடைத்தது. ரத்தப்போக்கை நிறுத்தும் என்று நம்பி வாங்கினார்கள். ராபர்ட் பாயில் போன்ற வேதியியலாளரே தன் மூக்கில் வடிந்த ரத்தத்தை நிறுத்த அதைக் கையில் பிடித்துப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். அது என்ன செடி என்று வாங்குபவர் கேட்கவில்லை. மண்டையோட்டில் முளைத்திருந்தால் போதும். பல சமயம் அது மாஸாகக்கூட இருக்காது, லைக்கனாக இருக்கும். மரத்தில் இருந்தால் மர மாஸ், ஓடையில் இருந்தால் நீர் மாஸ் என்று முளைத்த இடத்தை வைத்தே பெயரும் குணமும் சொன்ன காலம் அது. அந்த மயக்கத்திலிருந்து நுண்ணோக்கி நம்மை மீட்டது என்றுதான் மாஸ் வகைப்பாட்டின் வரலாறு வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அதில் பாதிதான் உண்மை. வாழிடத்தை ஒதுக்கிவிட்டதாக நினைத்த அறிஞர்கள், வாழிடமே செதுக்கிய ஓர் உறுப்பை அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். அதன் விளைவைத் திருத்தும் வேலை இப்போதும் முடிந்தபாடில்லை.

ஜெர்மனியில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக இருந்த டில்லேனியஸ் 1741இல் ‘ஹிஸ்டோரியா மஸ்கோரம்’ நூலை வெளியிட்டார். அதன் 85 படத்தகடுகளை அவரே வரைந்து அவரே செதுக்கினார். இன்று பார்த்தாலும் அசத்தும் படங்கள். ஆனால் அவருடைய ‘மாஸ்’ கூட்டத்தில் லைக்கன்களும் ஆல்காக்களும் லைக்கோபோடியமும் சேர்ந்தே இருந்தன. 1753இல் லின்னேயஸ் அந்தக் கூட்டத்தைப் பெருமளவு சுருக்கினார். ஆனால் லைக்கோபோடியத்தை வெளியேற்ற மனம் வரவில்லை. மாஸின் காம்பு நுனியில் இருக்கும் காப்சூலை மகரந்தப்பை என்றும் உள்ளிருக்கும் தூளை மகரந்தம் என்றும் அவர் எடுத்துக்கொண்டார். பூவை வைத்தே செடிகளுக்கு ஒழுங்கு கற்பித்த மனிதர், பூ இல்லாத செடியிலும் பூவைத் தேடியதில் வியப்பில்லை.

அதைத் திருத்தியவர் யோஹான் ஹெட்விக். திரான்சில்வேனியாவில் பிறந்து கெம்னிட்ஸ் நகரில் மருத்துவத் தொழில் பார்த்தவர். நோயாளிகளுக்குப் போக மிஞ்சிய நேரத்தில் மாஸ் சேகரித்தார். மாஸின் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் இலைக்கொத்துக்குள் ஒளிந்திருப்பதை நுண்ணோக்கியில் கண்டு 1782இல் நூலாக எழுதினார். காப்சூலில் இருப்பது மகரந்தமல்ல, ஸ்போர். அவர் 1799இல் இறந்தபின் 1801இல் அச்சான ‘ஸ்பீசியஸ் மஸ்கோரம்’தான் ஸ்பாக்னம் நீங்கலான மாஸ்களின் அறிவியல் பெயர்களுக்குத் தொடக்கநூல் எனப் பிற்காலத்துச் சர்வதேச விதிகள் ஏற்றன. அந்த நூல் இனங்களைப் பிரிப்பது காப்சூலின் வாயிலுள்ள பற்களை வைத்து. பெரிஸ்டோம் எனப்படும் அந்தப் பல்வரிசையை நம் தாவரவியல் மாணவர்கள் ஃபியூனேரியா ஸ்லைடில் பார்த்திருப்பார்கள். மூடி கழன்றதும் வெளியே 16, உள்ளே 16 என இரண்டு வட்டங்கள் தெரியும். வெளிப்பற்கள் சாய்வாக முறுக்கி, நுனிகள் நடுவே ஒரு சிறு சல்லடைத் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். காற்றின் ஈரம் ஏறி இறங்க அவை அசையும். காய்ந்த நேரத்தில் இடைவெளி விட்டு ஸ்போரைச் சிறிது சிறிதாக உதிர்க்கும். டெட்ராஃபிஸில் பற்கள் நான்கே. பாலிட்ரைக்கத்தில் பெரும்பாலும் 64. எண்ணிக்கை மாறாத உறுப்பு, எந்த மண்ணில் வளர்ந்தாலும் மாறாத உறுப்பு என்று ஹெட்விக் அதை நம்பியதற்குக் காரணம் இருந்தது.

பல் உள்ள மாஸ்களோடு இந்த முறை நின்றிருந்தால் சிக்கல் இல்லை. பல்லே இல்லாதவையும், மூடிகூடத் திறக்காத காப்சூல் கொண்டவையும் இருக்கின்றனவே. லின்னேயஸின் ஃபாஸ்கம் இனத்தில் இப்படிப்பட்டவை பல அடைந்து கிடந்தன. 1860இல் வெளிவந்த தன் ஐரோப்பிய மாஸ் தொகுப்பில் ஷிம்பர் மூடிய காப்சூல் உள்ளவற்றையெல்லாம் ஒரு பெரும்பிரிவாகவே வைத்தார். ஆனால் இவை எங்கே வளர்கின்றன என்று பாருங்கள். அறுவடை முடிந்த வயல், வற்றிய குளத்தின் கரை, வெள்ளம் வடிந்த ஆற்றோரச் சேறு. சில வாரங்கள் மட்டும் வெளியே தெரியும் ஈரமண்ணில் சில மில்லிமீட்டர் உயரச் செடி அவசரமாக முளைத்து, காப்சூல் விட்டு, மடிகிறது. ஸ்போர் தொலைவில் போய் விழுந்தால் நல்ல சேறு கிடைக்கும் என்ற உறுதி இல்லை. தாய் நின்ற சேறே அடுத்த பருவத்திலும் திரும்பும். ஆகவே பெரிய ஸ்போர்கள் காப்சூல் அழுகியதும் காலடியிலேயே கொட்டிக் காத்துக் கிடக்கின்றன. இந்த வாழ்க்கையில் பல்லுக்கு வேலை இல்லை. வெவ்வேறு குடும்பங்கள் தனித்தனியே சேற்றுக்கு வந்து தனித்தனியே பல்லை இழந்தன. ஷிம்பர் கட்டியது ஒரு குலம் அல்ல, ஒரு சேற்றங்கரையின் குடிமதிப்பு. ஃபாஸ்கத்தின் மிகப் பரிச்சயமான செடியை 1993இல் ரிச்சர்ட் ஜாண்டர் டார்ட்டுலா இனத்தில் சேர்த்தார். முறுக்கிய நீண்ட பற்களுக்குப் பேர்போன இனம் அது.

மரத்திலும் இதே கதைதான். அடிமரத்திலும் கிளையிலும் படரும் பல மாஸ்களுக்குக் காம்பு குட்டை, காப்சூல் நேராக நிற்கும், உட்பற்கள் தேய்ந்திருக்கும். காற்றும் வெயிலும் நேரே படும் இடத்தில் உள்வட்டத்தின் நுட்பமான வடிகட்டல் தேவைப்படுவதில்லை என்பது மாஸ் ஆய்வாளர்கள் பலர் தரும் விளக்கம். இந்தச் சாயலை வைத்து உருவான லூக்கோடாண்டேல்ஸ் என்ற வரிசை 20ஆம் நூற்றாண்டு நூல்களில் இருந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டி மரபணு ஒப்பீடுகள் அதைக் கலைத்து, உறுப்பினர்களை ஹிப்னேல்ஸ் வரிசைக்குள் அங்கங்கே பிரித்துப் போட்டன. பழனிமலைக்கும் இது பொருந்தும். செண்பகனூரில் இருந்த பிரெஞ்சு இயேசுசபைப் பாதிரியார் ஜார்ஜ் ஃபோரோ 1961இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்க இதழில் பழனிமலை மாஸ்களின் பட்டியலை வெளியிட்டார். சோலைக்காட்டு மரங்களில் போர்த்தியும் தொங்கியும் வளரும் மாஸ்கள் நிறைந்த மலை அது. அவற்றின் குடும்பப்பெயர்களை இன்று திருத்தும் ஆய்வாளர், எந்தச் செடியில் பல் தேய்ந்திருக்கிறது என்பதோடு அது மரத்தில் இருந்ததா மண்ணில் இருந்ததா என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டியிருக்கிறது.

பெரிஸ்டோம் அப்படியொன்றும் ஏமாற்றவில்லையே, பெரும்பிரிவுகள் இன்றும் அதன் மேல்தானே நிற்கின்றன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முழுச் செல்களால் ஆன பற்கள், செல்சுவரின் எச்சங்களால் ஆன பற்கள் என்ற பிரிவு மரபணுச் சோதனையிலும் பெரிதும் தேறியிருக்கிறது. மாஸ் ஆய்வாளர் ஃபிலிபேர் 1884 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டு எழுதிய கட்டுரைகளில் பற்கள் எந்தெந்தச் செல் அடுக்கிலிருந்து உருவாகின்றன என்று தேடியதன் பலன் அது. ஆனால் பல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது வேறு, பல் இருக்கிறதா என்பது வேறு. மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்த்து வயதைச் சொல்லிவிடலாம். பல் விழுந்த மாடுகளையெல்லாம் ஒரே இனம் என்று எந்தத் தரகரும் சொல்ல மாட்டார். இல்லாமையை அடையாளமாகக் கொண்டதுதான் பிழை. அதற்காக வாழிடத்தை வைத்தே வகைப்படுத்தலாமா என்றால், அது மண்டையோட்டு மாஸுக்குத் திரும்புவது. ஒரே சதுப்பில் ஸ்பாக்னமும் சாணத்தில் முளைக்கும் ஸ்பிளாக்னமும் அருகருகே நிற்கும். உறவோ மிகத் தூரம். வாழிடம் சாட்சிதான். மற்ற சாட்சிகள் எந்த நெருக்கடியில் பேசுகின்றன என்று சொல்லும் சாட்சி.

இன்றைய அறிவை வைத்து அன்றையவரைக் குறை சொல்வது எளிது என்ற மறுப்பு இன்னும் வலுவானது. ஆனால் அன்றே மாற்றிப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஹெட்விக் 1801 நூலில் ஃபாஸ்கம் பேட்டன்ஸ் என்று பெயரிட்ட சேற்று மாஸ் ஒன்று உண்டு. புரூக்கும் ஷிம்பரும் அதன் திறக்காத, வாய் இல்லாத காப்சூலை மதித்து ஃபிஸ்கோமிட்ரெல்லா என்று தனி இனமே அமைத்தார்கள். இங்கிலாந்தின் சசெக்ஸில் மருந்துக்கடை வைத்திருந்தவரும், பின்னர் 1859இல் இந்திய மாஸ்கள் பற்றிய பெருந்தொகுப்பை எழுதியவருமான வில்லியம் மிட்டன், 1851லேயே அதை ஃபிஸ்கோமிட்ரியத்தில் சேர்த்துவிட்டார். ஃபிஸ்கோமிட்ரியத்துக்கும் பல் கிடையாது, மூடி மட்டும் உண்டு. அதன் நெருங்கிய சொந்தமோ இரட்டைப் பல்வரிசை கொண்ட ஃபியூனேரியா. 1920களில் ஃபிரிட்ஸ் ஃபான் வெட்ஸ்டைன் இவற்றை ஒன்றோடொன்று கலப்பினம் செய்தே காட்டினார். ஆனாலும் தனி இனம் என்ற பெயர் அசையவில்லை. 1962இல் இங்கிலாந்தின் கிரான்ஸ்டன் காட்டில் சேகரித்த செடியின் வழிவந்தவை உலகெங்கும் ஆய்வகங்களில் பரவின. 2008இல் மாஸ்களிலேயே முதலாவதாக அதன் மரபணுத்தொகுதி வெளியானபோதும் அது ஃபிஸ்கோமிட்ரெல்லாதான். பழகிய பெயரை மாற்றினால் ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் குழப்பம் வரும் என்ற கவலை ஆய்வகத்தாருக்கு. அதைத் தள்ளிவிடவும் முடியாது. 2020 வாக்கில்தான் ஃபிஸ்கோமிட்ரியம் பேட்டன்ஸ் என்ற பெயருக்குப் பெரும்பாலோர் வந்தார்கள், பழைய பெயரை அடைப்புக்குறியில் வைத்துக்கொண்டே. விதிப்படி முழுப்பெயரை எழுதும்போது அடைப்புக்குறிக்குள் ஹெட்விக் வருவார், வெளியே மிட்டன்.