கல்லான பல்லும் கடற்கரைக் கோடும்



திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே எழுந்து நிற்கும் பச்சைமலையை நீங்கள் அறிவீர்கள். இன்று அம்மலையிலிருந்து கடல் நெடுந்தொலைவில் உள்ளது. ஆயினும் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. அதன் கிழக்கேயுள்ள பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களின் பெரும்பகுதி அன்று கடலடியில் கிடந்தது. மேற்கேயிருந்த பழம்பாறை நிலமே அக்கடலுக்குக் கரை. அக்கடலில் திரிந்த மீன்குலம் ஒன்றின் வரலாற்றையே இன்று கூற விழைகிறேன். சுறாவும் திருக்கையும் அக்குலத்தின் இரு கிளைகள்.

இக்குலத்து மீன்களுக்கு எலும்பு இல்லை. நம் காதுமடலில் உள்ளது போன்ற குருத்தெலும்பே உண்டு. சுறாவின் உடல் நீண்டது; செவுள் பிளவுகள் பக்கங்களில் உள்ளன. திருக்கையின் உடலோ தட்டையானது; செவுள் பிளவுகள் அடிப்புறத்தில் உள்ளன. மணலில் புதைந்து கிடக்கும்போது கண்ணுக்குப் பின்னாலுள்ள துளைகளின் வழியே அது நீரை உள்ளிழுத்து மூச்சுவிடுகிறது. கொட்டும் திருக்கையின் வாலில் இருபுறமும் பற்கள் கொண்ட நச்சுமுள் உண்டு. அது தன்னைக் காத்துக்கொள்ளும் கருவியேயன்றி வேட்டைக் கருவியன்று.

இறந்தபின் குருத்தெலும்பு விரைவில் அழிந்துவிடும். பல் மட்டுமே கல்லாகி நிற்கும். ஆகவே இக்குலத்தின் பழைய வரலாறு பெரும்பாலும் பற்களால் எழுதப்பட்டதே. நம் பகுதியில் அவ்வரலாற்றைப் படிக்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில். 1840களில் கே, கன்லிஃப் என்னும் ஆங்கிலேயர் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் புதைபடிவங்களைத் திரட்டினர். அவர்கள் கண்டெடுத்த மீன் எச்சங்களை எகர்ட்டன் என்பவர் 1845இல் விவரித்தார். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்து 1862இல் நூல் வெளியிட்டார். நம் சிற்றூராகிய ஊட்டத்தூர், உலக நிலவியல் ஏட்டில் இடம்பெற்றது இவ்வாறே.

ஊட்டத்தூர்த் தொகுதியைச் சேர்ந்த காரைச் செம்மண் பள்ளங்களில் கிடைத்த பற்களுள் டைக்கோடஸ் என்னும் மீனின் பல்லும் ஒன்று. அது கூரிய பல்லன்று. வரிகள் ஓடிய அம்மிக்கல் போன்றது. சிப்பிகளை நொறுக்க ஏற்றது. இத்தகைய பற்கள் திருக்கைகளுக்கு உண்டாதலின், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உட்வர்டு என்னும் அறிஞர் இதனைத் திருக்கையின் உறவினமாகக் கருதினார். மெக்சிகோ நாட்டில் கிடைத்த முழு உடற்படிவங்களை ஆராய்ந்தோர், இது சுறாவே என்று 2024இல் நிறுவினர். பல்லை மட்டும் கண்டு எழுந்த ஐயம் உடலைக் கண்டபின் தீர்ந்தது. டைக்கோடஸ் அழிந்தது, பின்னர் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனசோர்களும் மாண்டன. ஆயினும் சுறா, திருக்கைக் குலம் அப்பேரழிவைத் தாண்டி வந்தது.

தாண்டி வந்தவற்றுள் ஒன்றை நம் முன்னோர் வணங்கினர். திருவரங்கத்தைத் தழுவி ஓடும் காவிரி கடலில் கலக்கும் இடம் காவிரிப்பூம்பட்டினம். அங்கு வாழ்ந்த பரதவர், சினைச் சுறாவின் கோட்டை மணலில் நட்டு, அதில் தெய்வத்தை ஏற்றி வழிபட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. நட்டு வணங்கத்தக்க கோடு உடையது, முகத்தில் வாள் போன்ற உறுப்பை ஏந்திய வேளா மீன். பார்வைக்குச் சுறாவாகத் தோன்றினும், செவுள் அடிப்புறத்தில் இருத்தலால் அது திருக்கைக் கிளையைச் சேர்ந்தது. உவா நாளில் அப்பரதவர் மீன்பிடிக்கச் செல்லவில்லை என்பதும் அந்நூல் தரும் செய்தி. மீனைக் காக்கவே அவர்கள் ஓய்ந்திருந்தனர் என்று நான் கூறவில்லை. ஆயினும் அன்று வலையும் ஓய்ந்தது என்பது உண்மை.

‘சினை’ என்னும் சொல்லை நான் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்ப்பதுண்டு. ஒரு ரோகு மீன் இலட்சக்கணக்கில் முட்டையிடும். வேளா மீனோ குட்டி ஈனுவது. அதன் பெரும்பல் இனம் ஒரு பேற்றில் 1 முதல் 13 குட்டிகள் வரையே ஈனும். தாயின் வயிற்றைக் கிழிக்காதவாறு குட்டியின் வாள் மெல்லிய உறையால் மூடப்பட்டிருக்கும். இத்துணைக் கருத்துடன் இயற்கை காத்த உயிருக்கு அவ்வாளே பகையாயிற்று. எவ்வலையில் பட்டாலும் வாள் சிக்கிக்கொள்கிறது. 1950களுக்குப் பின் இழுவைப் படகுகளும் நைலான் வலைகளும் நம் கடல்களில் பெருகின. துடுப்புகளுக்கு அயல்நாட்டுச் சந்தையும் இருந்தது. மெல்லப் பெருகும் இனம், விரைந்து பிடிக்கும் முறைக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. உலகில் உள்ள வேளா மீன் இனங்கள் ஐந்தே. நம் கரையில் அவற்றைக் காண்பது இன்று அரிதாகிவிட்டது. சுறா, திருக்கை இனங்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிவின் அச்சத்தில் இருப்பதாக 2021இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு கூறிற்று.

சட்டம் வாளாவிருக்கவில்லை. இந்திய அரசு 2001இல் திமிங்கிலச் சுறா, வேளா மீன்கள் முதலிய 10 இனங்களை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இப்பட்டியல் மேலும் விரிந்தது. எனினும் மீன் வலையில் சிக்கும் இடம் நடுக்கடல். அங்கே சட்டத்தின் கண் மீனவரின் கண்ணே. பிடிபட்ட வேளாவை உயிரோடு விடுவிப்பவர், தம் வலையை அறுத்து இழப்பை ஏற்பவர். அவ்விழப்பை அவர்மீது மட்டும் சுமத்துவது நீதியாகாது. ஈடுசெய்வது நம் அனைவரின் கடமை.

மாணவர்களே! காரையின் பற்கள், மனிதர் தோன்றுமுன் மறைந்த மீன்களின் சான்றுகள். அம்மறைவுக்கு நாம் பொறுப்பல்லோம். வேளா மீன் மறைந்தால் அப்படிக் கூற நம்மால் இயலாது. பட்டினப்பாலையின் அவ்வடிகளைப் படிக்கும் நாளைய மாணவன், ‘இக்கோடு எம்மீனுடையது?’ என்று வினவினால், ஆசிரியர் கடலைச் சுட்டிக் காட்ட வேண்டும். அருங்காட்சியகத்தை மட்டும் சுட்டும் நிலை வரலாகாது.