கையில் பிடித்த கேமராவில் நெடுநேர ஒளிப்படம்

ஸ்டாண்டு இல்லாமல், ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் கேமராவை உடலின் பலத்தில் மட்டும் நிலைநிறுத்திக் குறைந்த வெளிச்சத்தில் படமெடுக்கும் முறை இது. நெடுநேரம் என்றாலும் இங்கே பேசப்படுவது 1/30 நொடி முதல் ஒன்றிரண்டு நொடி வரைதான். அதைத் தாண்டிய நேரத்துக்கு ஸ்டாண்டோ சுவரோ வேண்டும். ஸ்டாண்டை விரிக்க இடமில்லாத கூட்டத்திலும், அதற்கு அனுமதி இல்லாத இடங்களிலும், கையோடு இருப்பது கேமரா ஒன்றுதான் என்ற நேரங்களிலும் இம்முறை கைகொடுக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் ஸ்டாண்டு வைத்து எடுக்கத் தனி அனுமதி பெற வேண்டும் என்பதால், தமிழ்நாட்டுக் கோயில் மண்டபங்களின் அரையிருட்டைப் படமெடுப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் எடுக்கிறார்கள்.

புதுச்சேரி நகரின் முட்டை வடிவச் சுற்றுச்சாலைக்கு வடக்கே, மகாத்மா காந்தி சாலையின் இருபுறமும் நெருக்கமாகப் பரவிய முத்தியால்பேட்டை இம்முறைக்கு ஏற்ற இடங்களில் ஒன்று. தெருக்கள் குறுகல். கிழக்கே சிறிது நடந்தால் சோலை நகர், வைத்திக்குப்பம் என்று மீனவர் குடியிருப்புகளும் கடலும் வந்துவிடும். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் நடக்கும் தீர்த்தவாரிக்கு மயிலம் முருகனும் தீவனூர் விநாயகரும் இன்னும் பல ஊர் உற்சவர்களும் வருகிறார்கள். தீர்த்தவாரிக்கு முன்னும் பின்னும் இரவு உலாக்கள் உண்டு. சீரியல் பல்பு, ஜெனரேட்டர் வண்டியின் விளக்கு, கற்பூரச் சுடர், பௌர்ணமி நிலவு எனப் பலவகை ஒளியும் ஒரே இரவில் கிடைக்கும். அந்த நெரிசலில் ஸ்டாண்டின் மூன்று கால்களை விரிப்பவரை ஊர் வையும். அதில் நியாயமும் இருக்கிறது.

ஒளியின் அளவை வைத்துப் பார்த்தால் தேவை விளங்கும். சாதாரணத் தெருவிளக்கில் ஐஎஸ்ஓ 1600, அபர்ச்சர் எஃப் 2 என வைத்தால் ஏறத்தாழ 1/60 நொடி போதும். தீபத்தின் ஒளி மட்டும் என்றால் அது 1/15 ஆகும். நிலவொளியில் கடற்கரையை எடுக்க ஐஎஸ்ஓ 3200 வைத்தும் அரை நொடி முதல் ஒரு நொடி வரை வேண்டும்.

கை ஏன் ஆடுகிறது

எவ்வளவு உறுதியான கையும் நொடிக்கு 8 முதல் 12 தடவை நடுங்குகிறது. இது நோயல்ல, தசைகளும் நரம்புகளும் வேலை செய்யும் விதம். இதோடு இதயத் துடிப்பும் மூச்சின் ஏற்ற இறக்கமும் சேரும். நின்றிருக்கும் உடல் தன்னைச் சமநிலைப்படுத்திக்கொள்ள மெதுவாகச் சாய்ந்து நிமிர்வதும் சேரும். கேமரா முன்பின்னாகவோ பக்கவாட்டிலோ நகர்வதைவிட, கொஞ்சம் திரும்புவதுதான் படத்தை அதிகம் கெடுக்கிறது. 24 மெகாபிக்சல் முழுச்சட்ட சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 6 மைக்ரான். 50 மி.மீ. லென்ஸ் பொருத்திய கேமரா 0.007 பாகை திரும்பினாலே பிம்பம் ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். 200 மி.மீ. லென்ஸில் அதில் கால்பங்கு திரும்பினாலே போதும்.

பிலிம் காலத்துப் பழைய விதி இங்கிருந்துதான் வந்தது. லென்ஸின் குவியத்தூரம் 50 மி.மீ. என்றால் ஷட்டர் வேகம் 1/50 நொடிக்குக் குறையக் கூடாது, 200 மி.மீ. என்றால் 1/200. சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் கேமராக்களில் குவியத்தூரத்தை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். அந்த விதியை வகுத்தவர்கள் மனத்தில் இருந்தது கைக்கடக்கமான அச்சுப்படம். பெரிய திரையில் பிக்சல் பிக்சலாகப் பெரிதாக்கிப் பார்க்கும் இன்றைய கண்ணுக்கு அது போதாது.

விதி சொல்லாத ஒன்றும் உண்டு. 1/125 நொடியில் நடுக்கத்தின் ஒரு சிறு துண்டு மட்டுமே படத்தில் பதியும். 1/10 நொடிக்கு வந்துவிட்டால் ஒரு முழு அலைவும் பதிந்துவிடும். நடுக்கத்தால் ஆகக்கூடிய கெடுதல் அத்தோடு பெரும்பாலும் முடிந்தது. அதற்குப் பின் அரை நொடி, ஒரு நொடி என நீளும்போது படத்தை இழுப்பது உடலின் மெதுவான சாய்வு. ஆகவே 1/30 நொடிக்குக் கையின் பிடி முக்கியம். அரை நொடிக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு தூண் இருப்பது முக்கியம். பயிற்சி சொல்லித் தருபவர்களில் பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, எல்லாவற்றுக்கும் மூச்சை அடக்கச் சொல்கிறார்கள்.

பிடிக்கும் முறை

இடது உள்ளங்கையை லென்ஸுக்கு அடியில் கொடுத்து எடையைத் தாங்க வேண்டும். பக்கவாட்டில் பிடித்தால் தாங்காது. முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். வியூஃபைண்டர் உள்ள கேமராவை நெற்றியோடும் கன்னத்து எலும்போடும் அழுத்தினால் இரு கைகளோடு தலையும் ஒரு தாங்கலாகிவிடும். கையை நீட்டித் திரையைப் பார்த்து எடுப்பவருக்கு இந்த மூன்றாவது தாங்கல் கிடைப்பதில்லை. கழுத்து வாரை முன்னோக்கி இழுத்து விறைப்பாக்கிப் பிடித்தால் அந்தக் குறை ஓரளவு தீரும்.

கால்கள் தோளகலத்துக்கு விரிந்து, ஒன்று சற்று முன்னால் இருக்க வேண்டும். உட்கார முடிந்தால் இன்னும் நல்லது. முழங்கைகளை முழங்கால்களுக்குச் சற்று உட்புறமாக ஊன்றலாம். எலும்பின்மேல் எலும்பை ஊன்றினால் நழுவும். மூச்சைப் பாதி வெளிவிட்டு, இயல்பாக வரும் இடைவெளியில் ஷட்டரை அமுக்க வேண்டும். நெஞ்சு நிறைய இழுத்து அடக்கினால் சில நொடிகளில் நடுக்கம் கூடவே செய்யும். பொத்தானை விரல் நுனியால் குத்தாமல், விரலின் சதைப்பகுதியால் மெல்ல அழுத்திக்கொண்டே போக வேண்டும். குத்தும்போது கேமரா கீழ்நோக்கிச் சாய்கிறது. ஷேக் ஆன படங்களில் பெரும்பகுதியில் ஒளிப்புள்ளிகள் மேலும் கீழுமாக இழுபட்டிருப்பதற்குக் காரணம் இதுவே. இரண்டு நொடி டைமர் வைத்தால் அமுக்கும் அதிர்வு அடங்கிய பிறகே படம் பதியும். தொடர்ச்சியாக நான்கைந்து படங்களைச் சுடுவது அதைவிடச் சிறந்தது. முதல் படத்தில் விரல் இறங்கும் அதிர்வும் கடைசிப் படத்தில் விரல் எடுக்கும் அதிர்வும் இருக்கும். நடுவில் உள்ளவற்றில் ஒன்று தேறும்.

சாய இடம் கிடைத்தால் விடக் கூடாது. திண்ணைத் தூண், காம்பவுண்டுச் சுவர், மின்கம்பம், கரையேற்றிய படகின் விளிம்பு எல்லாமே உதவும். சுவரின்மேல் ஒரு சிறு துணிப்பையில் அரிசி அல்லது பயறு நிரப்பி வைத்து அதில் கேமராவை அமிழ்த்தினால், ஒரு நொடி வரை ஸ்டாண்டுக்குப் பெரிதும் குறைவில்லாமல் நிற்கும். கேமராவின் அடியிலுள்ள கால் அங்குல மரைக்குப் பொருந்தும் போல்ட்டில் கயிறு கட்டி, மறுமுனையைக் காலால் மிதித்து, கேமராவை மேல்நோக்கி இழுத்துப் பிடிப்பது பழைய உத்தி. மேல்கீழ் ஆட்டத்தை அது நன்றாகக் கட்டுப்படுத்தும். பக்கவாட்டு ஆட்டத்துக்குக் கயிற்றை இரு கால்களுக்கும் முக்கோணமாகக் கொடுக்க வேண்டும்.

கடற்கரையில் ஸ்டாண்டுதான் எப்போதும் மேல் என்றும் சொல்வதற்கில்லை. அலை வந்து திரும்பும் ஈரமணலில் ஸ்டாண்டின் கால்கள் ஒவ்வோர் அலைக்கும் கொஞ்சம் இறங்கும். அங்கே காய்ந்த மணலில் உட்கார்ந்தவரின் முழங்காலே தேவலை.

1950, புதுச்சேரி

இந்த ஊரோடு பிணைந்த மிகப் புகழ்பெற்ற கைப்பிடிப் படங்கள் 1950 ஏப்ரலில் எடுக்கப்பட்டவை. புதுச்சேரி அப்போது இன்னும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. மேக்னம் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-ப்ரெசோன், ஏப்ரல் 24ஆம் தேதி தரிசன நாளையொட்டி அரவிந்தர் ஆசிரமத்துக்கு வந்து, அன்னையையும் அரவிந்தரையும் படமெடுத்தார். பல்லாண்டுகளாக யாரும் அரவிந்தரைப் படமெடுத்திருக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி அவர் மறைந்தார்.

அறைக்குள் இருந்த வெளிச்சம் குறைவு. ப்ளாஷ் என்பது கார்த்தியே-ப்ரெசோனின் வழக்கத்திலேயே கிடையாது. வேகமான ட்ரை-எக்ஸ் பிலிம் 35 மி.மீ. வடிவில் வந்தது 1954இல்தான். அன்று கையிலிருந்த பிலிம்களின் வேகம் இன்றைய கணக்கில் மிகக் குறைவு. அவருக்குச் சாதகமாக இருந்தவை இரண்டு. ஒன்று அவர் வழக்கமாகக் கையாண்ட லைக்கா. ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் கேமராக்களைப் போல அதனுள் எழும்பி விழும் கண்ணாடி கிடையாது. அந்தக் கண்ணாடியின் அதிர்ச்சி 1/15 நொடியை ஒட்டிய வேகங்களில்தான் படத்தை அதிகம் தாக்கும். இன்னொன்று எதிரே இருந்தவர். தாம் பார்த்துக்கொண்டிருந்த பத்து நிமிடமும் அரவிந்தர் கண் இமைக்கவே இல்லை என்று கார்த்தியே-ப்ரெசோன் குறிப்பெழுதியிருக்கிறார். அந்தப் படங்களைப் பற்றிப் பேசுபவர்கள் எடுத்தவரின் கையை மெச்சுகிறார்கள். அமர்ந்திருந்தவருக்கும் அதில் சரிபாதிப் பங்கு உண்டு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1948 ஜனவரி 30 இரவு, காந்தியின் மரணத்தை நேரு பிர்லா மாளிகை வாசலில் அறிவித்தபோது இதே கலைஞர் எடுத்த படம் நேர்மாறானது. விளக்கொளி, நெரிசல், பேசிக்கொண்டிருக்கும் மனிதர் என எல்லாம் சேர்ந்து அதில் கூர்மை இல்லை. ஆனாலும் அந்த இரவின் படம் என்றால் உலகம் அதைத்தான் நினைக்கிறது.

ஸ்டாண்டு மரபும் இந்தப் பகுதியில் வலுவானதே. 1858இல் லின்னேயஸ் டிரைப் மதுரையையும் தஞ்சாவூரையும் பெரிய காகித நெகட்டிவ்களில் பதிந்த காலத்தில் கையில் பிடித்து எடுப்பது நினைத்துப் பார்க்க முடியாதது. 1955இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஒளிப்படத் தொகுப்பில், 1956 முதல் எடுக்கப்பட்ட தென்னிந்தியக் கோயில், சிற்பப் படங்கள் 1,60,000க்கு மேல் உள்ளன.

கேமராவுக்குள் நிலைப்படுத்தி

1994இல் நிக்கான் ஒரு சிறிய பிலிம் கேமராவிலும், 1995இல் கேனான் தன் 75–300 மி.மீ. லென்ஸிலும் அசைவை ஈடுகட்டும் அமைப்பைக் கொண்டுவந்தன. சுழற்சியை உணரும் கைரோ சென்சார் கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அறிந்து சொல்ல, லென்ஸுக்குள் ஒரு கண்ணாடித் தொகுதி எதிர்ப்பக்கம் நகர்ந்து பிம்பத்தை இருந்த இடத்திலேயே நிறுத்தும். 2003இல் மினோல்ட்டா சென்சாரையே நகர்த்தியது. 2012இல் ஒலிம்பஸ் அதை ஐந்து அச்சுகளுக்கு விரித்தது. சக்கரம்போலச் சுற்றும் ஆட்டத்தை லென்ஸுக்குள் இருக்கும் அமைப்பால் சரிசெய்ய முடியாது, சென்சாரால் முடியும். 2020இல் வந்த கேனான் ஆர்5, குறிப்பிட்ட லென்ஸ்களோடு 8 ஸ்டாப் வரை ஈடுகட்டும் என்று அறிவிக்கப்பட்டது. ஒரு ஸ்டாப் என்றால் நேரம் இரட்டிப்பு. 1/50 நொடியிலிருந்து எட்டு முறை இரட்டித்தால் ஐந்து நொடி. இது ஆய்வகக் கணக்கு. தெருவில் நிற்பவர் அதில் மூன்று ஸ்டாப்பைக் கழித்துக்கொள்வது நல்லது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு, அது விசித்திரமானது. பூமி நொடிக்கு 15 விகலை சுழல்கிறது. கேமராவும் எதிரே உள்ள கோபுரமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கின்றன. கைரோவோ அந்தச் சுழற்சியையும் கையின் ஆட்டம் என்று எடுத்துக்கொண்டு திருத்தப் பார்க்கிறது. 50 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சல் சுமார் 25 விகலை என்பதால், சில நொடிகளில் அது படத்தில் தெரிய ஆரம்பித்துவிடும்.

நகரும் பொருள்

கை எவ்வளவு உறுதியாக இருந்தாலும், எந்த நிலைப்படுத்தி இருந்தாலும், எதிரே இருப்பவர் நடந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. ஐந்து மீட்டர் தொலைவில் குறுக்கே இயல்பாக நடந்துபோகும் ஒருவர், 50 மி.மீ. லென்ஸில் 1/15 நொடிக்குள் 130 பிக்சலுக்கு மேல் இழுபட்டுவிடுவார். பத்து மீட்டரில் மெல்ல ஊரும் பல்லக்குகூடப் பதினைந்து பிக்சலைத் தாண்டும். ஆகவே திருவிழாவில் ஷட்டரை எவ்வளவு தாழ்த்தலாம் என்பதை முடிவுசெய்வது தூக்குபவர்களின் தோள்; படமெடுப்பவரின் கை அடுத்தபடிதான். தீபாராதனைக்காகப் பல்லக்கு நிற்கும் சில நொடிகளே 1/8 நொடிக்கு ஏற்றவை. மற்ற நேரத்தில் ஐஎஸ்ஓவை உயர்த்திக் குருணையைப் பொறுத்துக்கொள்வதே அறிவு. குருணையோடு ஒரு முகம் முகமாகத் தெரியும். இழுபட்டால் அதுவும் இல்லை.

கெட்டுப்போன படத்தில் குற்றம் யாருடையது என்று கண்டுபிடிப்பதும் எளிது. சீரியல் பல்புகள் எல்லாமே ஒரே வடிவக் கொக்கியாக வளைந்திருந்தால் ஆடியது கை. பல்புகள் புள்ளிகளாக நிற்க, ஆட்கள் மட்டும் கலைந்திருந்தால் ஆடியது ஊர்வலம்.

மெதுவான ஷட்டருக்கு ஒரு சலுகையும் கிடைக்கிறது. மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுங்கும். வேகமான ஷட்டரில் அது படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகளாக விழும். 1/25 நொடியில் பல மினுக்கங்கள் ஒன்றாகக் கலந்து பட்டை மறைந்துவிடும்.

செல்பேசிகள் வேறு வழியில் போயின. 2018இல் கூகுளின் பிக்சல் போன்களுக்கு வந்த நைட் சைட், கையில் பிடித்திருக்கும்போது ஒவ்வொன்றும் 1/3 நொடிக்கு மிகாத 15 படங்கள் வரை எடுத்து, அவற்றைச் சரிசெய்து ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்க்கிறது. மறு ஆண்டு ஐபோன் 11 இரவு முறையோடு வந்தது. தெருவுக்கும் கோபுரத்துக்கும் இது அருமையாக வேலை செய்யும். வைத்திக்குப்பம் கரையின் நுரைக்கு அவ்வளவாகச் செய்யாது. படத்துக்குப் படம் இடம்மாறும் பகுதிகளை மென்பொருள் முழுதாகச் சேர்க்கத் தயங்குவதால், வானம் தெளிவாகவும் அலை குருணையாகவும் வருவதுண்டு. அலை பாலாக வழுக்கி வர வேண்டுமென்றால் இன்றும் ஒரே ஷட்டரில் முழு ஒரு நொடி திறந்து, படகின் விளிம்பில் முழங்கையை ஊன்றி எடுக்க வேண்டும். பத்து எடுத்தால் இரண்டு தேறும்.