கடல் கடந்து வந்த வீரர்கள்

புத்தளம் மாவட்டத்தின் கடற்கரைக்கு வீரர் கதை புதியதன்று. உடப்பிலே திரௌபதை அம்மனுக்கு 18 நாள் விழா எடுத்துத் தீ மிதிக்கும் மீனவ மக்களுக்கு வீமனும் அருச்சுனனும் ஏட்டிலே உறங்கும் பெயர்கள் அல்லர். ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வந்து போகும் உறவினர்.

அதே கரையில் சற்றுத் தெற்கே, சிலாபத்துக் கத்தோலிக்கக் குடிகளிடையே வேறு வகை வீரர் உலவினர். குழந்தை இயேசுவைக் காணச் சென்ற மூவிராசாக்களின் கதையைச் சிங்களத்தில் 'இராஜ துன் கட்டுவ' என்னும் நாடகமாக்கியவர் 18ஆம் நூற்றாண்டில் சிலாபத்தில் வாழ்ந்த கபிரியேல் பெர்னாண்டோ என்று நாடக வரலாற்று நூலார் குறிப்பர். அந்நாடகத்துக்கு மூலமாய் நின்றது தமிழ்க் கூத்து மரபு. வடக்கே மன்னாரில் ஐரோப்பியச் சக்கரவர்த்தி ஒருவனே கூத்துக் களரியில் ஏறி, தமிழ்த் தருக்களைப் பாடி ஆடினான். அந்தக் கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964இல் அச்சேற்றினார். அதன் தலைப்பிலுள்ள 'எம்பரதோர்' என்ற சொல் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. பட்டம் அவர்களுடையது, பாட்டு நம்முடையது. அயல்நாட்டு வீரன் இந்தக் கரையில் கால் வைக்க வேண்டுமாயின் முதலில் கரையின் மொழியைக் கற்றாக வேண்டும் என்பது எழுதாச் சட்டமாகவே இருந்தது.

இச்சட்டத்துக்குப் பணிந்து பின்னாளில் வந்தவன் ஓர் ஆங்கிலேயன். அவனுக்கு வலக்கை இல்லை.

1962ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இலண்டனில் 'வேலியண்ட்' என்னும் சிறுவர் வார இதழ் வெளிவந்தது. அதன் முதல் இதழிலேயே லூயிஸ் கிராண்டேல் தோன்றினான். கதையை எழுதியவர் கென்னத் புல்மர்; சித்திரம் தீட்டியவர் ஸ்பெயின் நாட்டவரான ஹேசுஸ் பிளாஸ்கோ. பேராசிரியர் பாரிஞ்சரின் ஆய்வுக்கூடத்து உதவியாளனான கிராண்டேல் விபத்தொன்றில் கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவன். மின்சாரம் அவன் உடலிற் பாய்ந்ததும் உருவம் முழுவதும் மறைந்துபோம். இரும்புக் கை மாத்திரம் அந்தரத்தில் மிதக்கும். அந்த ஆற்றலை அவன் முதலில் பயன்படுத்தியது நன்மைக்கன்று. களவும் மிரட்டலுமே அவன் தொடக்கம். பின்னரே திருந்தி, 'நிழற்படை' என்னும் உளவுப் படையில் சேர்ந்து நல்லோர் பக்கம் நின்றான்.

சிவகாசியில் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1972 ஜனவரியில் இவனையே தன் முதல் இதழின் நாயகனாக்கி, 'இரும்புக்கை மாயாவி' என்று பெயரும் சூட்டியது. 'மாயாவி' என்ற சொல்லிலேயே பாதி வெற்றி அடங்கியிருந்தது. மாயசீலனாகிய இந்திரசித்தின் கதையைக் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு மறைந்து நின்று போர் செய்பவன் அந்நியனாகத் தோன்றவில்லை.

1984இல் லயன் காமிக்ஸ் பிறந்தது. 'ஸ்பைடர்' என்னும் குற்றச் சக்கரவர்த்தி அதன் வழியே தமிழ்ச் சிறுவரை ஆட்கொண்டான். இவன் 1965இல் 'லயன்' என்ற இங்கிலாந்து இதழில் தோன்றியவன். அமெரிக்கத் திரைப்படங்களில் சுவரேறும் சிலந்தி மனிதனோடு இவனைக் குழப்புவோரைப் பழைய இரசிகர்கள் எளிதில் மன்னிப்பதில்லை. அவன் கதைகள் பலவற்றை எழுதியவர், சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவராகிய ஜெரி சீகலே என்பதைப் பெருமையோடு எடுத்துக்காட்டவும் அவர்கள் தயங்குவதில்லை.

அந்த இரசிகர்களின் கட்சி சிந்தனைக்குரியது. இன்றைய திரைப்பட வீரர்கள் வானத்தைப் பிளக்கின்றனர், நகரங்கள் பொடிபடுகின்றன, ஆயினும் பார்ப்பவன் நெஞ்சு பதறுவதில்லை. மாயாவியோ மின்கம்பி கிடைக்காவிட்டால் வெறும் ஒற்றைக் கையன். சுவரில் மின்சாரம் இருக்குமோ இராதோ என்று அவன் தேடும் அந்த ஒரு கட்டத்தில் வாசகன் மூச்சை அடக்கிக்கொள்கிறான். எல்லையற்ற வலிமை வேடிக்கைக்கு உதவும், கதைக்கு உதவாது. இவ்வழக்கில் தீர்ப்பு இரசிகர் பக்கமே சாரும்.

இனி, இவ்வீரர்கள் புத்தளக் கரைக்கு வந்த வழி. மாயாவி சிவகாசியில் தமிழ் பேசத் தொடங்கிய வேளையில் இலங்கையின் கதவு ஏறக்குறைய மூடியிருந்தது. 1970இல் பதவியேற்ற அரசு தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. 1977க்குப் பின்னரே அவை தாராளமாக வந்தன. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினித் தொலைக்காட்சி தொடங்கிற்று. அதன் அலைகள் மன்னார்க் குடாவைத் தாண்டித் தூத்துக்குடி, திருநெல்வேலி வீடுகளையும் எட்டின. அங்குள்ளோர் நெடிய கம்பங்களில் அன்டெனாக் கட்டிப் பார்த்தனர். இங்கிருந்து படம் அங்கே போயிற்று. அங்கிருந்து புத்தகம் இங்கே வந்தது.

ஆனால் கரையிலுள்ள எல்லா வீடுகளுக்கும் அப்புத்தகம் பயன்படவில்லை. நீர்கொழும்பு தொடங்கிச் சிலாபத்துக்கு வடக்கே வரை, முன்னோர் தமிழ் பேசிய கத்தோலிக்க ஊர்கள் பல. பள்ளிக்கூடத்தின் மொழியும் கோயிலின் மொழியும் சிங்களமானபோது, ஓரிரு தலைமுறைக்குள் வீட்டின் மொழியும் மாறிற்று. முதியோர் தமிழிற் பேச, பேரப்பிள்ளைகள் சிங்களத்தில் மறுமொழி சொல்லும் நிலை வந்தது. அப்பிள்ளைகளுக்கும் வீரர்கள் கிடைத்தார்கள். ஆனால் வேறு மொழியில். ஆங்கிலேயரான ஹியூ லொஃப்டிங் படைத்த விலங்கு வைத்தியரை டைட்டஸ் தொட்டவத்த சிங்களம் பேசவைத்து, 'தொஸ்தர ஹொந்த ஹித' என்ற பெயரில் ரூபவாஹினியில் உலவவிட்டார். மிகச் சிறந்த பணி அது. அதே தொலைக்காட்சியில் தமிழுக்கு வாய்த்த நேரமோ சொற்பம். எனவே உடப்பிலும், கற்பிட்டி, புத்தளம் முஸ்லிம் ஊர்களிலும் தமிழ்ப் பாடசாலைக்குச் சென்ற பிள்ளைக்கு, பாடப் புத்தகத்துக்கு வெளியே விருப்பத்தோடு படிக்கத் தமிழில் ஒன்று வேண்டுமாயின், கடல் கடந்து வரும் அந்த மலிவுத் தாள் புத்தகம் சிறிய பொருளன்று. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெரும்பாலோர் இம்மாவட்டத்தில் தஞ்சம் புகுந்த பின்னர், தமிழில் படிக்கும் பிள்ளைகளின் தொகை இன்னும் பெருகிற்று. ஓலைக் கொட்டில் முகாம்களில் அவர்களுக்குப் புத்தகம் கிடைப்பதே அரிதாயிருந்தது என்பது வேறு துயரம்.

பிறந்த நாட்டிலே மாயாவியின் கதி என்ன? 'லயன்' இதழ் 1974இலும் 'வேலியண்ட்' 1976இலும் நின்றன. அவற்றின் வீரர்கள் நெடுங்காலம் பழம்பொருள் சேர்ப்போரின் பெட்டிகளிலே கிடந்தனர். 2018இல் ரெபெல்லியன் என்னும் நிறுவனம் அப்பழைய சித்திரக்கதைகளின் உரிமையை வாங்கிப் புதிய நூல்களாக வெளியிட முற்பட்டது. அச்சு அழகு, தாள் உயர்வு. பிளாஸ்கோவின் நிழற்கோடுகள் முன்னெப்போதினும் தெளிவாகத் தெரிகின்றன. மாயாவியைத் தமிழில் படித்து வளர்ந்தவன் அதைப் புரட்டுங்கால் ஒன்று மாத்திரமே உறுத்தும்: லூயிஸ் கிராண்டேல் ஆங்கிலம் பேசுகிறான்.