வடசென்னையின் மூன்று ஆட்டங்கள்

ஒரு விளையாட்டு ஒரு நாட்டில் வேர்பிடிக்க அந்த மண்ணிலேயே வளர்ந்த பெரிய நட்சத்திரம் ஒருவர் வேண்டும் என்ற வாதம் அமெரிக்கக் கால்பந்தில் அரை நூற்றாண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது. 1975இல் நியூயார்க் காஸ்மாஸ் அணி பிரேசிலின் பெலேயைக் கூட்டிவந்தது. காலியாகக் கிடந்த அரங்குகள் நிரம்பின. 1977இல் அவர் விடைபெற்றார். அவர் ஆடிய லீக் 1984ஆம் ஆண்டு சீசனோடு இழுத்து மூடப்பட்டது. வெளியாளை நம்பினால் இப்படித்தான், உள்ளூர்ப் பிள்ளை ஒருவன் வேண்டும் என்ற பேச்சு அதன்பின் வலுத்தது. அப்படிக் கண்டெடுக்கப்பட்டவர் ஃபிரெடி அடு. கானாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த அவரை 2004இல், 14 வயதிலேயே, டி.சி. யுனைடெட் தொழில்முறை ஆட்டக்காரராகக் களமிறக்கியது. அடுத்த பெலே இவர்தான் என்று விளம்பரம் பறந்தது. மீசை அரும்பாத பையன் தலையில் ஒரு நாட்டின் ஆசையை ஏற்றிவைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. நாடு நாடாக, அணி அணியாக மாறியே அவருடைய ஆட்டக்காலம் கரைந்தது. 2007இல் பெக்காம், 2023இல் மெஸ்ஸி என்று மறுபடியும் வெளியாட்களே வந்தார்கள்.

அதே நாட்டில் பெண்கள் கால்பந்து வேறு வழியில் வளர்ந்தது. அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்று 1972இல் ஒரு சட்டம் வந்தது. ஆண்களுக்கு அணி வைத்திருந்த கல்லூரிகள் பெண்களுக்கும் அணி அமைக்க வேண்டியதாயிற்று. மைதானம், பயிற்சியாளர், கல்வி உதவித்தொகை எல்லாம் கூடவே வந்தன. 1991இல் நடந்த முதல் பெண்கள் உலகக்கோப்பையை அமெரிக்கா வென்றது. 1999 இறுதிப்போட்டியை கலிஃபோர்னியாவின் ரோஸ் பௌல் அரங்கில் 90,000 பேருக்கு மேல் நேரில் பார்த்தார்கள். அமெரிக்க அணியின் மியா ஹாம் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானார். ஆனால் அந்தப் புகழை நம்பி 2001இல் தொடங்கிய பெண்கள் லீக் மூன்று சீசன்களில் படுத்துவிட்டது. கல்லூரிகளின் ஏற்பாட்டிலிருந்து நட்சத்திரங்கள் வந்தார்கள். நட்சத்திரங்களைக் கொண்டு ஒரு லீகை நிறுத்திவைக்க முடியவில்லை.

ஓர் ஆட்டம் வேர்பிடிக்க நட்சத்திரம் வேண்டுமா என்ற கேள்வியை அமெரிக்காவைவிடத் தெளிவாகப் பார்க்க வாய்ப்புள்ள இடம் வடசென்னை. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரக்குப்பம் வரை நீளும் கடற்கரைப் பகுதி, உள்ளே தள்ளி வியாசர்பாடி, பெரம்பூர் என்று துறைமுகமும் ரயில்வேயும் ஆலைகளும் உருவாக்கிய தொழிலாளர் பகுதி இது. இங்கே மூன்று ஆட்டங்கள் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டன: குத்துச்சண்டை, கேரம், கால்பந்து. முதலாவதற்கு நட்சத்திரங்கள் நிறைய. இரண்டாவதற்கு உலக சாம்பியன்களே உண்டு. மூன்றாவதற்கு நெடுங்காலம் சொல்லிக்கொள்ளும்படி ஒருவரும் இல்லை. மூன்றில் மேடையிலிருந்து முதலில் இறங்கியது குத்துச்சண்டை.

பிரிட்டிஷ் சிப்பாய்களிடமிருந்தும் மாலுமிகளிடமிருந்தும் கையுறைக் குத்துச்சண்டை மதராஸ் துறைமுகப் பகுதிக்கு வந்தது. இங்கு அது பரம்பரைகளாகப் பிரிந்து வளர்ந்தது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என்பவை குடும்பங்கள் அல்ல, வாத்தியார்களின் வழிவந்த பயிற்சி மரபுகள். மீனவர், துறைமுகக் கூலி, தலித், முஸ்லிம், ஆங்கிலோ இந்தியர் என்று எவரும் வாத்தியார் ஏற்றுக்கொண்டால் அந்தப் பரம்பரையின் ஆளாகிவிடலாம். ஜெயிப்பது ஆளல்ல, பரம்பரை. தோற்றவன் தெருவுக்குள் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்பதால்தான் இதற்கு ரோசமான குத்துச்சண்டை என்று பெயர் நிலைத்தது. 1940களில் நாட் டெர்ரி என்ற வெள்ளைக்கார வீரரை சார்பட்டாவின் கித்தேரி முத்து வீழ்த்திய கதை ராயபுரம் பக்கம் இன்றும் சொல்லப்படுகிறது.

உலகின் ஆகப்பெரிய குத்துச்சண்டை நட்சத்திரமும் இங்கே வந்தார். 1980இல் முகமது அலி சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை ஆடினார். அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆரும் அந்த நிகழ்ச்சியில் இருந்தார். பார்க்க அலைமோதிய கூட்டத்தைப் பற்றி வடசென்னையில் இன்றும் பேச்சு உண்டு. ஆனாலும் அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் ரோசமான குத்துச்சண்டை மேடையை விட்டே இறங்கிவிட்டது. பந்தயப் பணமும், தோற்ற தரப்பின் ஆதரவாளர்கள் மேடைக்குக் கீழே தொடர்ந்த அடிதடியும், அதனால் மறுக்கப்பட்ட அனுமதியும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அவை வெளிக்காரணங்கள். அமைப்பிலேயே ஒரு குறை இருந்தது. வீரரின் வருமானம் அன்றைய டிக்கெட் வசூல்தான். மாநிலப் போட்டி, தேசியப் போட்டி, அரசு வேலை என்று மேலே ஏற இந்தப் பரம்பரைகளிலிருந்து படிக்கட்டு எதுவும் போகவில்லை. தமிழ்நாட்டின் வி. தேவராஜன் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடி, 1994இல் பாங்காக் உலகக்கோப்பையில் வெண்கலம் வென்றது அமெச்சூர் குத்துச்சண்டையின் பாதையில். அது வேறு உலகம். சுவரொட்டிப் புகழ் பெற்ற பரம்பரை வீரர்களுக்குக் கொட்டகை பிரிக்கப்பட்ட மறுநாள் பழைய கூலி வேலைதான்.

கேரமின் கதை நேர்மாறு. உலகின் பார்வையில் அது வீட்டுக்குள் விளையாடும் பொழுதுபோக்கு. சென்னையில் அப்படியில்லை. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988இல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான். இந்நகரின் மரிய இருதயம் 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் உலக சாம்பியன் ஆனார். 1996இல் அர்ஜுனா விருதும் பெற்றார். வியாசர்பாடியின் இளவழகி 2008இல் பிரான்ஸின் கான் நகரில் உலகப் பட்டம் வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக்கோப்பையில் வடசென்னையின் காசிமா மூன்று தங்கம் கொண்டுவந்தார். வேறெந்த ஆட்டத்திலும் இத்தனை உலகப் பட்டங்கள் ஓர் ஊருக்குக் கிடைத்திருந்தால் தொலைக்காட்சி வேன்கள் தெருவிலேயே குடியிருந்திருக்கும். கேரமுக்கு அது நடக்கவில்லை. ஓர் உலக சாம்பியன் வரும்போது செய்தித்தாளில் ஒரு வாரம் படம் வரும், அரசு பரிசு கொடுக்கும், பிறகு அடுத்த சாம்பியன் வரும்வரை அமைதி.

ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. ஸ்டூல் மேல் ஒரு போர்டு, போர்டுக்கு நேர் மேலே கம்பியில் தாழ்த்திக் கட்டிய பல்பு, தூவ போரிக் பவுடர், சுற்றிலும் 'அடுத்த போர்டு நமக்கு' என்று காத்திருக்கும் நான்கு பேர். இவ்வளவுதான் செலவு. வெள்ளை 9, கருப்பு 9, நடுவில் ஒரு ரெட். ரெட்டைப் போட்டால் அதே கையோடு ஃபாலோ போட வேண்டும், போடாவிட்டால் ரெட் திரும்பவும் நடுவுக்கு வந்துவிடும். இந்த ஒரு விதிக்காகவே விடிய விடிய வாக்குவாதம் நடக்கும். கட்சிப் படிப்பகம், ரசிகர் மன்றம், தொழிற்சங்கக் கொட்டகை என்று எங்கெல்லாம் மின்சாரம் இருந்ததோ அங்கெல்லாம் போர்டு இருந்தது. பார்வையாளரை நம்பாத ஆட்டத்துக்கு நட்சத்திரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பெரிதாக வளராததற்கும் அழியாமல் இருப்பதற்கும் அதுவே காரணம்.

கால்பந்துக்கு வந்தால், வியாசர்பாடிக்கு 'குட்டி பிரேசில்' என்ற பட்டப்பெயரே உண்டு. பல ஆண்டுகளாக இந்த ஆட்டத்தைத் தாங்கிப் பிடித்தது நட்சத்திரமல்ல, மாதச் சம்பளம். ரயில்வே, 1955இல் பெரம்பூரில் தொடங்கிய இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, துறைமுகம், சுங்கத்துறை, வருமான வரித்துறை, கணக்காயர் அலுவலகம், வங்கிகள் என்று பொதுத்துறை நிறுவனங்கள் அணி வைத்திருந்தன. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எடுக்கப்பட்ட பையன் காலையில் பயிற்சிக்குப் போவான், பிறகு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுவான், சீசன் வந்தால் சென்னை லீகில் அலுவலகத்துக்காக ஆடுவான். காலில் ஷூ இல்லாமல் மண்ணில் ஆடிய சிறுவனுக்கு அந்த வேலைதான் குறி. 1990களில் தொடங்கிய தேசிய லீகில் சென்னையின் பெயரைச் சுமந்ததும் இந்தியன் வங்கி அணியே. மகன் கால்பந்து ஆடினால் உருப்படுவானா என்று தயங்கிய தாய்க்கு, பக்கத்துத் தெருவில் ரயில்வே வேலைக்குப் போன ஒருவரைக் காட்ட முடிந்தது. வெளிநாட்டு நட்சத்திரத்தின் சுவரொட்டி அந்த வேலையைச் செய்யாது.

பொதுத்துறை ஆளெடுப்பு குறையத் தொடங்கியதும் இந்த ஏற்பாடு தளர்ந்தது. அந்த இடைவெளியில் தெருவே பொறுப்பேற்றது. வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் உள்ளூர் ஆட்டக்காரர்களே அமைப்பு தொடங்கி, பள்ளிக்கூடம் போனால்தான் பந்து என்ற நிபந்தனையோடு குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தந்தார்கள். வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் இந்திய அணிவரை போனார்; 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவை 3-2 என்று வீழ்த்தி இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையை இரண்டாம் முறை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியிலும் இருந்தார். சென்னையின் இன்னொரு பிள்ளை நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக ஆடி, கொல்கத்தாவின் பரம எதிரணி மோகன் பகானுக்கு எதிராக அடித்த ஒரே கோல், அந்த அணியை வெல்ல முடியாதிருந்த ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களுடைய நான்கரை ஆண்டு ஏக்கத்தைத் தீர்த்தது. கொல்கத்தாவில் அவரைத் தோளில் தூக்காத குறை. சென்னையில் அவர் தெருவில் நடந்துபோனால் திரும்பிப் பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்பது சந்தேகமே. நட்சத்திரத்தை நட்சத்திரமாக்குவது நூறாண்டுப் பழக்கமுள்ள ரசிகர் கூட்டம். அது கொல்கத்தாவில் இருக்கிறது.

வடசென்னைக்கு நட்சத்திரங்களைத் தந்தது சினிமாதான் என்றும் சொல்லலாம். 'வடசென்னை' (2018) படத்தில் தனுஷ் கேரம் ஆடினார், 'பிகில்' (2019) படத்தில் விஜய் கால்பந்து ஆடினார், 'சார்பட்டா பரம்பரை' (2021) படத்தில் ஆர்யா குத்துச்சண்டை போட்டார். மூன்று ஆட்டத்துக்கும் ஆளுக்கொரு கதாநாயகன். ரோசமான குத்துச்சண்டை மட்டும் பழைய மேடைக்குத் திரும்பவில்லை.

நட்சத்திரத்தால் மட்டும் ஓர் ஆட்டம் வேர்பிடிக்காது என்பதற்கு எதிர்ச்சான்றாக யாரும் உடனே நீட்டக்கூடிய பெயர் விஸ்வநாதன் ஆனந்த். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார் அவர். இன்று நாட்டின் கிராண்ட்மாஸ்டர்கள் 80ஐத் தாண்டிவிட்டார்கள், அதில் தமிழ்நாட்டின் பங்கே பெரிது. 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியனான குகேஷ் சென்னைக்காரர். ஒரு நட்சத்திரம் ஓர் ஆட்டத்தைத் தூக்கிநிறுத்தியதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்தியாவில் இல்லை. அதை மறுப்பது வீம்பு. ஆனால் ஆனந்துக்கு முன்பே மானுவல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆகியிருந்தார். 1972இல் சென்னையின் சோவியத் கலாசார மையத்தில் தால் செஸ் கிளப் தொடங்கியிருந்தது. சிறுவன் ஆனந்த் அங்குதான் ஆடிப் பழகினார். அவர் புகழ் பெற்றபோது, மகனைச் செஸ்ஸில் சேர்க்க நினைத்த பெற்றோருக்குப் போக ஓர் இடம் இருந்தது. பள்ளிகளும் பின்னர் விடுப்பும் கட்டணச் சலுகையும் தந்து முன்வந்தன. செஸ்ஸுக்கு மேசையும் நாற்காலியும் போதும் என்பதையும் மறக்கக்கூடாது. கால்பந்துக்கு நிலம் வேண்டும்.

நிலம்தான் வடசென்னையின் பெரிய பிரச்சினை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் கடல் மணல் தடுக்கப்பட்டது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது; வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிக் கரை அரித்துக்கொண்டே போனது. தெருக்களையும் வீடுகளையும் கடல் கொண்டுபோனது. மிச்சமிருந்த கரையில் கருங்கல் கொட்டித் தூண்டில் வளைவுகள் போட்டார்கள். தென்சென்னைப் பிள்ளைக்குத் துறைமுகம் இலவசமாக ஒரு மைதானம் தந்தது என்றால், வடசென்னைப் பிள்ளையின் மைதானத்தை எடுத்துக்கொண்டுதான் தந்தது. முகத்துவாரக்குப்பத்தில் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல் திட்டு கூடுவதும் கரைவதுமாக இருக்கும். எதிர்க்கரையில் அனல்மின் நிலையம். வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் போக மிஞ்சும் இடத்தில்தான் கோல் போஸ்ட் நட வேண்டும்.

2014இல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது அமெரிக்கா 1975இல் செய்ததையே இந்தியாவும் செய்தது. டெல் பியரோ, பிரெஸ், ட்ரெஸகே, யுங்பெர்க் என்று ஓய்வு வயது நட்சத்திரங்கள் வந்தார்கள். சென்னை அணிக்கு இத்தாலியின் மாத்தராஸி ஆடும் பயிற்சியாளராக வந்தார், பிரேசிலின் எலானோ முதல் சீசனில் 8 கோல் அடித்து அதிக கோல் அடித்தவரானார். நேரு அரங்கு நிரம்பியது. உள்ளூர் நட்சத்திரமும் இந்தியாவுக்கு இல்லாமலில்லை. 2018 ஜூனில் மும்பையில் சீன தைபேயை இந்தியா 5-0 என்று வென்றதைப் பார்க்க வந்தவர்கள் 2,569 பேர்தான். 'மைதானத்துக்கு வந்து திட்டுங்கள், ஆனால் வாருங்கள்' என்ற பொருளில் இந்திய அணித் தலைவர் சுனில் சேத்ரி ஒரு காணொளி போட்டார். அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் தீர்ந்துபோனது. ஒருவர் கெஞ்சினால் ஓர் அரங்கு நிரம்பும் என்பதும், ஒவ்வொரு வாரமும் கெஞ்ச முடியாது என்பதும் அதில் சேர்ந்தே தெரிந்தன. 2025இல் இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் வணிகப் பங்குதாரருக்கும் இடையிலான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் இழுபட, லீக் உரிய காலத்தில் தொடங்கவேயில்லை. அதற்கு முன்பே, இந்தியாவின் இன்னொரு தேசிய லீகான ஐ-லீகின் 2018-19 பட்டத்தை வென்ற சென்னை சிட்டி அணி சில ஆண்டுகளில் களத்திலிருந்து மறைந்துவிட்டது. சென்னையின் பெயர் கொண்ட அந்த அணி பட்டம் வென்ற ஆண்டில் ஆடியது கோயம்புத்தூரில் என்பது தனிக்கதை.

தமிழ்நாட்டு ஆண்கள் கால்பந்து அணி, மாநிலங்களுக்கு இடையிலான தேசியப் போட்டியான சந்தோஷ் கோப்பையை இன்றுவரை வென்றதில்லை. பெண்கள் அணி தேசிய சாம்பியன் பட்டத்தை 2018இல் மணிப்பூரையும், 2023இல் ஹரியானாவையும் வீழ்த்தி இரண்டு முறை வென்றிருக்கிறது. அந்த வீராங்கனைகளின் பெயர்கள் சுவரொட்டிகளில் வந்தவையல்ல. அரசு விளையாட்டு விடுதிகள், மாவட்டப் பள்ளிகள், சில பிடிவாதமான பயிற்சியாளர்கள் வழியாக வந்தவர்கள் அவர்களில் பலர். இந்திய அணிக்கும் ஆடிய கடலூர்ப் பகுதியின் இந்துமதி கதிரேசனுக்குத் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் வேலை கிடைத்தது.

(தொடரும்)